புல்லுக்கு அடியில் நிற்கும் தண்ணீர்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் முதல் நாளே கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு. தொட்டியின் அடியில் உடைந்த ஓட்டுச் சில்லையோ ஜல்லியையோ ஒரு அடுக்கு பரப்பிவிட்டு, அதற்கு மேல் மண்ணைக் கொட்டு, தண்ணீர் தேங்காது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கும்போது தண்ணீர் ஓடிவிடாதா? ஓடாது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி, இதற்கு மேல் தாங்காது என்ற நிலை வரும்வரை ஒரு சொட்டுகூடக் கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் இடம் தொட்டியின் அடியிலிருந்து கல்லின் தலைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வேருக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கும் என்றும் சொல்லலாம்.

தோட்டக்காரர் அறியாமல் செய்யும் இந்தக் காரியத்தை, அறிந்தே, அளந்து, பெரும் பணம் செலவழித்துச் செய்கிறவர்கள் கோல்ஃப் மைதானம் அமைப்பவர்கள். மைதானத்தில் 'கிரீன்' என்று ஒரு வழவழப்பான புல்வெளி இருக்குமே, நடுவில் குழியும் கொடியும் இருக்கும் இடம், அதன் அடியில் இருப்பது ஏறக்குறைய இந்த மாடித்தொட்டியேதான். மழை விட்டுச் சிறிது நேரத்தில் அங்கே ஆட்டம் தொடங்கிவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் இரண்டு நாள் தவளை கத்துகிறது. வித்தியாசம் புல்லில் இல்லை, புல்லுக்கு அடியில் இருக்கிறது.

முதலில் அந்த ஜல்லிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். தண்ணீருக்குக் கீழே போகும் ஆசை மட்டும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறது. வேட்டி நுனி வாளியில் பட்டால் ஈரம் முழம் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. துளை எவ்வளவு நுண்ணியதோ இழுப்பு அவ்வளவு அதிகம். மண்ணின் துளைகள் நுண்ணியவை, தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லியின் இடைவெளிகள் பெரியவை, அவற்றுக்கு இழுக்கத் தெம்பில்லை. அதனால் எல்லைக்கு வந்த தண்ணீர் அங்கேயே நிற்கிறது. மேலே தண்ணீர் சேரச் சேர எடை கூடி, ஒரு கட்டத்தில் மண்ணின் பிடி தோற்கும்போதுதான் கீழே கொட்டத் தொடங்கும். நீரியல்காரர்கள் இதை அந்தரத்தில் நிற்கும் நீர்மட்டம் என்கிறார்கள். கீழே நிலத்தடி நீர் எங்கோ ஆழத்தில் இருக்க, மேலே தனியாக ஒரு குட்டி நீர்மட்டம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் உள்ளங்கைகளால் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டிக்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இனி சொட்டாது என்று உறுதியானதும், பஞ்சை அப்படியே நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மறுபடியும் சொட்டும். பஞ்சு அதே பஞ்சு, தண்ணீர் அதே தண்ணீர். உயரம் கூடியதால் எடை கூடியது, அடியில் இருந்த பிடி விட்டது. கிரீன் வடிகாலின் இயற்பியல் முழுக்க இந்தப் பஞ்சுக்குள் அடக்கம். பின்னால் ஒரு இடத்தில் இந்தப் பஞ்சை மறுபடியும் எடுப்பேன், கையிலேயே வைத்திருங்கள்.

சரி, ஒரு புல்வெளிக்கு ஏன் இவ்வளவு பாடு? கிரீனில் புல்லை வெட்டும் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு நெல்மணியின் அகலம். ஆட்டக் காலத்தில் அநேகமாக தினமும் வெட்டுகிறார்கள். இலைதான் புல்லின் சமையலறை. அதைத் தினமும் இடித்துக்கொண்டே இருந்தால் வேருக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? வேர் குட்டையாகிவிடும். அந்தக் குட்டை வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் உள்ளே நகரும் வேகம் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மழைக்குப் பின் அழுகும் புல்லைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரில்லை, மூச்சுத் திணறல். இதோடு, நாள் முழுக்க அந்தச் சின்ன இடத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் மிதிக்கின்றன. ஈரமான களிமண்ணை மிதித்தால் என்ன ஆகும் என்பதைக் குயவரிடம் கேட்கத் தேவையில்லை.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், கடலுக்கும் வயலுக்கும் இடையே, எதற்கும் ஆகாத மணல்மேட்டு நிலம் ஒன்று உண்டு. 'லிங்க்ஸ்' என்பது அதன் பெயர். உழவுக்குத் தேறாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், மற்ற நேரத்தில் ஊர்க்காரர்கள் பந்தடிப்பார்கள். 1457 இலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டிருக்கிறது. ஆண்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறார்கள் என்று கோபம். அந்த மணல் காற்று அள்ளிவந்து போட்ட மணல். காற்று நல்ல சல்லடை: பெரிய கல்லை அதனால் தூக்க முடியாது, தூசியை எங்கோ கொண்டுபோய்விடும், நடுத்தர மணலை மட்டும் ஓரிடத்தில் குவிக்கும். ஒரே பருமனான மணல் என்றால் இடைவெளிகள் அடைபடாமல் நிற்கும், எவ்வளவு மழை பெய்தாலும் குடிக்கும். ஏழை மண் என்பதால் அங்கே மெல்லிய ஃபெஸ்கியூ, பென்ட் புற்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. ஆட்டின் வாய்தான் புல்வெட்டும் இயந்திரம்.

புல்வெளிப் பராமரிப்பை ஒரு தொழிலாக ஆக்கியவர் என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டுமானால், செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஓல்ட் டாம் மாரிஸைத்தான் சொல்வார்கள். 1821 இல் பிறந்தவர். 1851 இல் பிரெஸ்ட்விக் மைதானத்தைக் கவனிக்கப் போனார். அங்கே ஒருநாள் தள்ளுவண்டி மணல் தவறிப்போய்க் கிரீன் மேல் கொட்டிவிட்டது, கொட்டிய இடத்தில் மட்டும் புல் செழித்தது, அதைப் பார்த்துத்தான் புல்லுக்கு மணல் தூவும் பழக்கம் வந்தது என்று ஒரு கதை. கதை நடந்த மாதிரியேதான் நடந்ததா தெரியாது. ஆனால் 1860களில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பிவந்த பிறகும் அவர் மணலை விடவில்லை என்பது நிச்சயம். அவர் உறுதியாகப் பிடித்துக்கொண்ட இன்னொரு வழக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அங்கிருக்கும் ஓல்ட் கோர்ஸில் இன்றும் வழக்கமான ஞாயிறுகளில் ஆட்டம் இல்லை. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், வாரத்தில் ஒருநாள் மிதிபடாமல் கிடப்பது புல்லுக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை எந்தக் கிரீன்கீப்பரும் சொல்வார்.

தொல்லை தொடங்கியது விளையாட்டு கடற்கரையை விட்டு உள்நாட்டுக்கு வந்தபோது. களிமண் நிலத்தில் கிரீன் கட்டியவர்கள் ஆரம்பத்தில் செய்தது எளிய வேலை: சுற்றியிருக்கும் மண்ணையே தள்ளி மேடாக்கி, மேலே புல்லை நட்டார்கள். நீர் தேங்கியபோது, கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்று கலந்தார்கள். இதுவும் மாடித்தோட்டத்து ஜல்லி மாதிரி ஒரு நம்பிக்கைதான். களிமண்ணில் பத்து, இருபது சதவீதம் மணல் கலந்தால் மணல் துகள்கள் களிமண்ணில் மிதக்கும், துளைகள் பெருகாது, காய்ந்தால் செங்கல். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். கான்கிரீட்டில் ஏன் ஜல்லி, மணல், சிமென்ட் என்று பல பருமன்களில் போடுகிறோம்? பெரியதன் இடுக்கில் சிறியதும், அதன் இடுக்கில் தூளும் போய் அடைத்துக்கொள்ளத்தான். கொத்தனாருக்கு எது வேண்டுமோ அதற்கு நேரெதிர் கிரீனுக்கு வேண்டும்: எல்லாம் ஒரே பருமன், இடுக்குகள் காலி.

குழாய் பதிப்பதும் அப்போதே இருந்தது. அது உழவர்களிடமிருந்து கடன் வாங்கிய வித்தை. ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி, 1838 இல் நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா ஊருக்கு அருகே தன் வயலின் அடியில் சுட்ட களிமண் ஓடுகளை வரிசையாகப் பதித்து நீரை வடித்தார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம், விளைச்சலைப் பார்க்கும்வரை. இன்றைக்குப் பதிப்பதெல்லாம் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். ஆனாலும் அமெரிக்காவில் அதற்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது, 'டைல்' என்கிறார்கள்.

மணலும் குழாயும் ஒரு கணக்குக்குள் வந்தது 1960 இல். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920 இலேயே புல்வெளிக்கென்று 'கிரீன் செக்ஷன்' என்ற தனிப் பிரிவு வைத்திருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆட்டக்காரர்கள் கூட்டம் பெருகி, மிதிபட்ட கிரீன்கள் இறுகிப்போக, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்தன. அதில் முக்கியமானவர் மார்வின் ஃபெர்குசன். முடிவில் வெளியிட்ட விதிமுறை சுருக்கமாக இது: அடித்தளத்தை வெட்டிச் சரிவு கொடுத்து, வாய்க்கால்களில் 10 செ.மீ. விட்டமுள்ள துளைக்குழாய்களை ஏறக்குறைய 5 மீட்டருக்கு ஒன்றாகப் பதி. அதன்மேல் 10 செ.மீ. சரளைக்கல். அதன்மேல் 5 முதல் 10 செ.மீ. பெருமணல். எல்லாவற்றுக்கும் மேலே 30 செ.மீ. வேர்மண்; பெயர்தான் மண், பெரும்பாலும் மணல்தான், கொஞ்சம் மட்கு. விதிமுறை பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இடையிலுள்ள பெருமணல் அடுக்கைச் சில நிபந்தனைகளோடு விட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் 30 செ.மீ. மணல், அதன் அடியில் சரளை என்ற எலும்புக்கூடு மாறவில்லை.

ஏன் 30 செ.மீ.? ஏன் அடியில் சரளை? இங்கேதான் ஆரம்பத்தில் சொன்ன தொட்டி வருகிறது. வெறும் மணல் என்றால் தண்ணீர் ஓடிவிடும், புல் மறுநாளே வாடும். சரளையை அடியில் போட்டால் எல்லையில் தண்ணீர் நின்றுவிடும். மணலின் பருமனை வைத்து அந்த ஈர அடுக்கு எவ்வளவு உயரம் நிற்கும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். அடியில் ஈரம், மேலே காற்று, நடுவில் வேர்: அந்த உயரத்துக்கு ஏற்ற ஆழம்தான் 30 செ.மீ. பெருமழை வந்தால் எடை கூடி, பிடி விட்டு, உபரியெல்லாம் சரளைக்குள் கொட்டிக் குழாய் வழியே போய்விடும். மழை நின்றதும் வடிவதும் நின்று, வேண்டிய ஈரம் மட்டும் தங்கும். மழைக்குத் திறந்து வெயிலுக்கு மூடும் மதகு மாதிரி. ஆனால் திறக்கவும் மூடவும் ஆள் வேண்டாம். கிரீனின் வடிகாலைத் தண்ணீரை வெளியே தள்ளும் ஏற்பாடு என்று மட்டும் நினைப்பது பாதிதான் சரி. எவ்வளவைப் பிடித்து வைப்பது என்பதுதான் அதன் மூளை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரீன் ஒன்று 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. ஆழம் என்றால் 150 கன மீட்டர் மணல். வடிந்து முடிந்த பின்னும் அதன் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் தங்கினால் 30,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டரை, புல்லுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நிற்கிறது. மறுபக்கம், இந்த வேர்மண் மணிக்குக் குறைந்தது 150 மி.மீ. நீரை உள்வாங்க வேண்டும் என்பது விதிமுறையின் எதிர்பார்ப்பு. ஒரே மணி நேரத்தில் அவ்வளவு மழை நம் ஊர் வடகிழக்குப் பருவமழையில்கூட அபூர்வம்.

காகிதத்தில் அழகாக இருப்பது தரையில் கெட்டுப்போகும் இடங்கள் நிறைய. சரளைக்கும் மணலுக்கும் பருமன் பொருத்தம் பார்க்காவிட்டால் மணல் சரளைக்குள் இறங்கிவிடும். பொருத்தம் சரியாக இருந்தால் மணல் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி, கல் இடுக்கின் மேல் சின்னச் சின்ன வளைவு கட்டி நின்றுவிடும். திருவிழாக் கூட்டம் கோயில் வாசலில் முண்டியடித்தால் வாசல் திறந்திருந்தும் யாரும் உள்ளே போக முடியாதல்லவா, அதுதான். எதற்கு வம்பு என்று குழாயைச் சுற்றி வடிகட்டித் துணி சுற்றுகிறவர்கள் உண்டு. நுண்தூசி அந்தத் துணியில் வந்து படிந்து, குழாய் திறந்திருக்கும்போதே அடைத்துக்கொள்ளும். வேண்டாம் என்றுதான் விதிமுறை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று சரிவு. இப்போது பஞ்சை மறுபடியும் எடுங்கள், கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். மேல்முனை காயும், கீழ்முனை சொட்டும். சரிவான கிரீனின் அடியில் நிற்கும் நீரும் பக்கவாட்டில் நகர்ந்து தாழ்ந்த ஓரத்தில் சேர்கிறது. அதனால் ஒரே கிரீனில் மேட்டில் புல் கருகும், பள்ளத்தில் பாசி பிடிக்கும். தண்ணீர் பாய்ச்சுகிறவர் மேட்டைப் பார்த்துப் பாய்ச்சினால் பள்ளம் கெடும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் மேடு சாகும். மேட்டில் மணல் ஆழத்தைக் குறைத்து, பள்ளத்தில் கூட்டிப் பார்த்த ஆய்வுகள் உண்டு, பலனும் தந்தது. கட்டி முடித்த கிரீனுக்கு அது முடியாது. தாழ்ந்த ஓரத்தை ஒட்டிப் புன்னகை மாதிரி வளைந்த ஒரு குழாயைப் பதிப்பார்கள். பெயரே 'ஸ்மைல் டிரெயின்'.

புல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, ஏனென்றால் அதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் இருப்பது 'பெர்முடா' புல். பெயரைக் கேட்டு அட்லாண்டிக் தீவுப் பக்கம் போக வேண்டாம், பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இதே அருகை ஆப்பிரிக்க அருகோடு கலந்து, கிரீனுக்கேற்ற சன்னமான ஒட்டு ரகங்களை 1950களிலிருந்து வெளியிட்டார். டிஃப்கிரீன், டிஃப்வே என்றெல்லாம் அவற்றுக்கு ஊர்ப்பெயர். இவை விதை வைக்காது, கரணை நட்டுத்தான் பரப்ப வேண்டும். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம்தான் மைதானக்காரருக்கும் வேண்டியிருந்தது. குளிர் நாடுகளில் பென்ட் புல். உப்புத்தண்ணீர் ஏறிய கடற்கரைகளில் பாஸ்பேலம் என்ற இன்னொரு புல்.

ஆனால் அந்த வேரோட்டமே வினையாகவும் ஆகிறது. ஓடிப் படரும் புல் காய்ந்த தண்டையும் செத்த வேரையும் மேலே மெத்தை மெத்தையாகச் சேர்த்துக்கொண்டே போகும். கட்டும்போது எவ்வளவு நல்ல மணலைப் போட்டிருந்தாலும், சில ஆண்டுகளில் மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு ஈரப் பஞ்சு உருவாகிவிடுகிறது. மழை கீழே போகாது. கீழே இருக்கும் அத்தனை அடுக்கும் சும்மா கிடக்கும். அதாவது வடிகால் மேலிருந்து கெடுகிறது. குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. கிரீன் பராமரிப்பின் பாதி வேலை இந்த மெத்தையோடு மல்லுக்கட்டுவதுதான். குழல் போன்ற உள்ளீடற்ற ஆணிகளைக் குத்தி, விரல் பருமனுக்கு மண் உருளைகளை வெளியே இழுத்து, ஓட்டைகளில் உலர்மணலைத் தேய்த்து நிரப்புவார்கள். இடையிடையே மெல்லிய மணல் தூவல், ஓல்ட் டாம் செய்த அதே வேலை. குத்திய கிரீன் ஒரு வாரம், இரண்டு வாரம் அம்மைத் தழும்பு முகம் மாதிரி இருக்கும், பந்து துள்ளும். உலகம் முழுக்கச் சங்க உறுப்பினர்கள் புகார் எழுதுவது அந்த வாரங்களில்தான். புகாருக்குப் பயந்து ஒரு பருவம் தள்ளிப்போட்ட மைதானம் அடுத்த மழையில் அதன் விலையைக் கொடுக்கும்.

தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வாசனை உண்டு. ஒரு மண் உருளையை எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை. குறுக்காக வெட்டினால் கன்னங்கரேலென்று ஒரு கோடு. காற்றில்லாத மண்ணில் சில பாக்டீரியாக்கள் கந்தகத்தைச் சுவாசிக்கத் தொடங்கி, அது இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே வேர் போகாது. வேடிக்கை என்னவென்றால், இதே கிரீனில் பத்தடி தள்ளி நேரெதிர் நோயும் வரும். மட்குப்பொருள் மணல் துகள்களின் மேல் மெழுகு மாதிரி படிந்து, தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில்போல் உருண்டோடும். சுற்றிலும் ஈரம், நடுவில் ஒரு வட்டம் பொடியாக வறண்டு கிடக்கும். அதற்குச் சோப்புக் குணமுள்ள நீரேற்றி மருந்தைத் தெளிக்கிறார்கள்.

பணம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானம், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் இடம், ஜார்ஜியாவின் களிமண் மேட்டில் இருக்கிறது. அங்கே மைதானப் பொறுப்பில் இருந்த மார்ஷ் பென்சன் 1990களில் ஒரு யோசனை செய்தார். கிரீனின் அடியில்தான் ஏற்கெனவே குழாய் வலை இருக்கிறதே, அதன் முனையில் ஒரு காற்றூதியை மாட்டினால் என்ன? உறிஞ்சினால் மணலில் நிற்கும் தண்ணீர் கீழே இழுபடும், மேலிருந்து புதுக்காற்று இறங்கும். திருப்பி ஊதினால் வேருக்குக் காற்று போகும். 'சப்ஏர்' என்ற பெயரில் அது பிறகு விற்பனைக்கும் வந்தது. அந்தரத்தில் நிற்கும் நீர்மட்டத்தின் பிடியை எடையால் அல்லாமல் உறிஞ்சலால் விடுவிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அகஸ்டாவைப் பார்த்துவிட்டு, எங்கள் மைதானம் ஏன் இப்படி இல்லை என்று கேட்கும் உறுப்பினர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த மைதானம் கோடை முழுக்க, ஏறக்குறைய ஐந்து மாதம், மூடியே கிடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கிரீனுக்கு. மைதானத்தின் பரப்பில் அது சிறு துண்டுதான். மீதியில் முக்கியமானது ஃபேர்வே, அதாவது நீளப் புல்வெளி. அதன் அடியில் முழுக்கச் சரளை அடுக்கு போட யாருக்கும் கட்டுப்படியாகாது. பழைய மைதானம் ஒன்றின் வடிகாலைச் சீர்படுத்தப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, நல்ல மழையில் குடையோடு நடப்பது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே நிற்கிறது என்று கொடி நட்டுவிட்டு வருவது. பாதி இடங்களில் பார்த்தால் பழுது தண்ணீர் நின்ற இடத்தில் இருக்காது. மேட்டிலிருந்து இறங்கும் நீரை வழியிலேயே ஒரு வாய்க்காலால் மடக்கியிருந்தால் போதும் என்று தெரியும். களிமண்ணில் நீர் உள்ளே ஊறும் வேகம் மிகக் குறைவு என்பதால், அங்கே மேற்பரப்புச் சரிவுதான் முதல் வைத்தியம். பள்ளமான இடங்களில் மூடி போட்ட தொட்டி கட்டிக் குழாயில் இறக்குவது அடுத்தது. அதற்கும் அப்புறம்தான் நெருக்கமாக மெல்லிய பிளவுகளை வெட்டி மணல் நிரப்புவதெல்லாம். ஆட்ட விதிகளிலும் இதற்கு இடம் உண்டு. பந்து தற்காலிகத் தண்ணீரில் விழுந்தால் அபராதமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அந்தச் சலுகையை யாராவது அடிக்கடி கேட்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால், பாதி ஆய்வு செலவில்லாமல் முடிந்துவிடும்.

எவ்வளவு செய்தாலும் எல்லை உண்டு. 2010 இல் ரைடர் கோப்பை, அதாவது அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் கோல்ஃப் போட்டி, வேல்ஸின் செல்டிக் மேனரில் நடந்தது. அந்தப் போட்டிக்கென்றே உஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைத்த மைதானம். அக்டோபர் முதல் நாள் காலையில் ஆட்டம் தொடங்கிச் சில மணி நேரத்தில் மழை நிறுத்திவிட்டது, ஏழு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஆடவில்லை. அமெரிக்க அணியின் மழைக்கோட்டுகளே ஒழுகி, அங்கிருந்த கடையில் வேறு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். போட்டி அதன் வரலாற்றில் முதன்முறையாகத் திங்கட்கிழமைக்குப் போனது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் குழாய் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அதன் வாய்க்கு வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே இருப்பதைவிட உயரமாக இருந்தால் எதுவும் வடியாது.

அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர்கள் அதனால்தான் வேலையைக் கிரீனிலிருந்து தொடங்குவதில்லை. நீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி அளந்துகொண்டு வருவார்கள். வெளியேற்றம் எந்த மட்டத்தில், குழாய்க்குக் குறைந்தபட்ச வாட்டமாக நூறு மீட்டருக்கு அரை மீட்டராவது கிடைக்கிறதா, இல்லையென்றால் குளம் வெட்டுவதா, பம்பு வைப்பதா. கோல்ஃப் மைதானங்களில் அழகுக்கு வைத்ததுபோல் தெரியும் குளங்களில் பல இந்தக் கணக்கில் பிறந்தவை. வெட்டிய மண் ஃபேர்வேயை உயர்த்தும், குளம் மழைநீரை வாங்கும், கோடையில் அதே நீர் தெளிப்பானுக்குப் போகும். கூடவே புல்லுக்குப் போட்ட உரத்தின் மிச்சமும் குழாய் வழியாக அங்கேதான் வந்து சேரும். குளத்துக் கரையில் நாணலும் கோரையும் வளரவிட்டிருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, அந்த உரத்தைப் பிடிக்க வைத்த வடிகட்டி.

சென்னையில் கிண்டி ரேஸ் கோர்ஸ் வளாகத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. தெற்கே வேளச்சேரி, பழைய ஏரியின் பெயரைச் சுமக்கும் தாழ்நிலம், ஒவ்வொரு பெருமழைக்கும் செய்தியில் வரும் இடம். 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்து அந்த வளாகத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு அங்கே நடந்த முதல் வேலைகளில் ஒன்று குளம் வெட்டுவது, வேளச்சேரிப் பக்கம் போகும் மழைநீரை வழியிலேயே தேக்கி வைக்க.